மேஜர் சுந்தரராஜனும் மேஜர் சிட்டுவும்

ஒரு சின்னக் கேள்வியோட தொடங்குவம். மேஜர் சுந்தரராஜன் எந்தப் படையில் மேஜராக இருந்தவர்?

பழைய படங்கள் ஓடுகிற வீட்டில் வளர்ந்த ஆக்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வசனத்தை முதலில் ஆங்கிலத்தில் ஒருக்கா சொல்லி, பிறகு அதையே தமிழில் ஒருக்கா சொல்லுவார். மிமிக்ரி செய்யிற ஆக்கள் அவரை விட்டுவைப்பதே இல்லை. ஆள் எந்த இராணுவத்திலும் இருந்ததில்லை. கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் கண்பார்வை இல்லாத, ஓய்வுபெற்ற மேஜராக நடித்தார். 1966இல் அது படமாகவும் வந்தது. வேஷத்தின் பதவி பெயரோட ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். விஜயகாந்தின் கதையும் அதேதான். 1991இல் வந்த 'கேப்டன் பிரபாகரன்' படத்தில் அவர் ஒரு வனத்துறை அதிகாரி. பட்டாளத்துக் கப்டன்கூட இல்லை. (படத்தின் பெயரில் மற்றப் பாதி எங்கயிருந்து வந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.) 2023 டிசம்பரில் அவர் இறந்த அண்டைக்கும் தமிழ்நாட்டுச் சனம் 'கேப்டன்' எண்டு சொல்லித்தான் அழுதது.

இதைப் பகிடிக்குச் சொல்ல வரேல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் கலைஞருக்கு இராணுவப் பதவி வேஷத்தால் வந்தது. இந்தப் பக்கம் எப்பிடி வந்தது எண்டு பார்க்க வேணுமெண்டால் ஓமந்தைக்கு வரவேணும்.

வவுனியா நகரில் இருந்து ஏ9 வீதியால் வடக்கே வந்தால் தாண்டிக்குளம், நொச்சிமோட்டை, பிறகு ஓமந்தை. இண்டைக்குப் பஸ்ஸில் ஏறினால் ஒரு பாட்டு லிஸ்ட் முடிய முதலே வந்துவிடும். 1997இல் அப்பிடி இல்லை. அந்த வருசம் மே 13ஆம் திகதி இலங்கை இராணுவம் 'ஜெயசிக்குறு' எண்ட நடவடிக்கையைத் தொடங்கியது. சிங்களத்தில் அதற்கு 'நிச்சய வெற்றி' எண்டு அர்த்தம். யாழ்ப்பாணம் இராணுவத்தின் கையில், நடுவில் இருக்கிற வன்னி புலிகளின் கையில். வவுனியாவில் இருந்து ஏ9 வீதியைப் பிடித்துக்கொண்டு போய் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை திறக்கிறதுதான் திட்டம். 20,000க்கும் மேற்பட்ட படையினர் இறக்கப்பட்டார்கள். ஓமந்தை தொடக்கத்திலேயே விழுந்தது. பிறகு புளியங்குளத்தில் மாதக்கணக்காக அப்பிடியே நிண்டது. முன்னுக்குப் போன படையின் முதுகில் அடிக்கிறதுதான் புலிகள் எடுத்த வழி. யூன் 10இல் தாண்டிக்குளம், யூன் 24இல் பெரியமடு, ஓகஸ்ட் 1இல் ஓமந்தை.

அந்த ஓகஸ்ட் 1ஆம் திகதித் தாக்குதலில் செத்தவர்களில் ஒருவர் சிட்டு. அவர் ஒரு பாடகர்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ இருந்த ஆரையாவது, உங்கட அம்மாவையோ மாமாவையோ, கேட்டுப் பாருங்கோ. 'சிட்டுவின்ர பாட்டு' எண்ட உடனே ஒரு கணம் பேசாமல் இருப்பினம். செத்துப்போன நண்பர்களைப் பற்றிய பாட்டுக்களைத்தான் அவர் கூடுதலாகப் பாடினார். மெல்லிய, அழுகைக்குக் கிட்ட வந்து அழாமல் நிற்கிற குரல். செத்தவீட்டுப் பந்தலில், ஊர்வலத்தில், மாவீரர் நாளில், மரத்தில் கட்டின லவுட் ஸ்பீக்கரில் அந்தக் குரல் போனது. பிறகு ஓமந்தையில் அவரே செத்தார். அவருடைய செத்தவீட்டுக்கும் பாட்டுப் போட்டிருப்பார்கள்.

'மேஜர்' எண்ட பதவி அவருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. இது இளம் ஆக்கள் கனபேருக்கு விளங்காத ஒரு விசயம். புலிகளின் அமைப்பில் பெரும்பாலும் உயிரோட இருக்கிற ஆளுக்கு லெப்டினன்ட், கப்டன், மேஜர் எண்டு பதவிநிலை சொல்லுவதில்லை. செத்த பிறகுதான் அறிவிப்பார்கள். அதனால் 'மேஜர் சிட்டு' எண்டு உயிரோட இருந்த காலத்தில் ஆரும் அவரைக் கூப்பிடவில்லை. கசெட்டில் பாடினவர் சிட்டு. மேஜர் சிட்டு பாட்டே பாடவில்லை, அந்தப் பெயர் கல்லறைக்கு உரியது. சாதாரண இராணுவங்களில் பதவி எண்டால் சம்பளம், அதிகாரம், சல்யூட். இங்க அது ஒரு இறப்பை எழுதுகிற முறை. 1991இல் ஆனையிறவுச் சண்டையில் செத்த கவிஞர்கள் வானதியும் கஸ்தூரியும் 'கப்டன்' ஆனதும் இப்பிடித்தான்.

உலகத்தில் மற்ற இடங்களில் பிரபலமான ஆக்கள் படைக்குப் போன கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதின்ர வித்தியாசம் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஹொலிவூட்டில் இருந்து கனபேர் போனார்கள். ஜேம்ஸ் ஸ்டுவர்ட் 1941 பெப்ரவரியில் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் வாங்கினார், மார்ச்சில் படையில் சேர்ந்தார். அமெரிக்கா அப்ப போருக்குள்ளேயே வரவில்லை. பிறகு பி-24 குண்டுவீச்சு விமானத்தில் ஐரோப்பாவுக்கு மேலால் 20 தாக்குதல் பயணங்கள். போர் முடியேக்க கேணல். வீட்டுக்கு வந்து திரும்பவும் நடித்தார். கிளார்க் கேபிளின் மனைவி, நடிகை கரோல் லொம்பார்ட், போர்ப் பத்திரம் விற்கிற பிரசாரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரேக்க 1942 ஜனவரியில் விமானம் விழுந்து செத்தார். சில மாதத்தில் கேபிள் விமானப்படையில் சேர்ந்தார், ஐந்து தாக்குதல் பயணம் போனார், மேஜராக வெளியில் வந்தார். இன்னொரு மேஜரும் இருக்கிறார். கிளென் மில்லர் அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மிகப் பிரபலமான வாத்தியக்குழுத் தலைவர். படையில் சேர்ந்து படையினருக்காகவே ஒரு பெரிய வாத்தியக்குழுவை நடத்தினார். 1944 டிசம்பர் 15இல் இங்கிலாந்தில் இருந்து பாரிசுக்குப் போக ஒரு சின்ன விமானத்தில் ஏறினார். விமானம் பிறகு காணக் கிடைக்கவேயில்லை.

சிட்டுவுக்குக் கொஞ்சம் கிட்ட வாறவர் மில்லர்தான் எண்டு நினைக்கிறன். அதுவும் கொஞ்சம்தான். ஸ்டுவர்ட், கேபிள், மில்லர் மூண்டு பேரும் முதலில் புகழ் பெற்றவர்கள், பிறகு படைக்குப் போனவர்கள். புகழ் ஒரு இடத்தில் இருந்து வந்தது, போர் இன்னொரு இடத்தில் நடந்தது. நடுவில் ஒரு கடல். திரும்பி வந்தால் ஸ்டூடியோ காத்திருக்கும். இப்ப எங்கட வயசு ஆக்களுக்குத் தெரிந்த உதாரணம் பிடிஎஸ். தென்கொரியாவில் சட்டம் எல்லாருக்கும் பொது, ஏழு பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள், 2025 யூனில் கடைசி ஆளும் வெளியில் வந்தார், இரசிகைகள் அழுது முடிய அடுத்த அல்பத்துக்கான கதை தொடங்கிவிட்டது. வன்னியில் இது தலைகீழ். சிட்டு போன்ற ஆக்கள் முதலில் போராளி, அதுக்குள்ள இருந்துதான் பாடகர். புகழும் போரும் ஒரே இடத்தில் இருந்து, ஒரே ஆக்களுக்குள் இருந்து வந்தது. திரும்பிப் போக இன்னொரு மேடை இருக்கவில்லை.

ஏன் இருக்கவில்லை? எண்பதுகளின் கடைசியில் இயக்கப் பாட்டுக்கள் கணிசமானவை தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. அங்கத்தைய சினிமாப் பாடகர்களே பாடினார்கள். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிட்டது. 1990இல் போர் திரும்பத் தொடங்கினதோட யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பொருளாதாரத் தடையில் பற்றரி தடை, மண்ணெண்ணெய் கிடையாது, பெற்றோல் கிடையாது. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டது. (இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருக்கும். ஆனால் அரை மணித்தியாலம் சுத்திப் பாருங்கோ, ஒரு பாட்டுக்கு எவ்வளவு பெறுமதி எண்டு தெரியும்.) சினிமாக் கொட்டகைகளும் மூடித்தான் கிடந்தது. 1990 நவம்பரில் 'புலிகளின் குரல்' வானொலி தொடங்கியது. அப்பதான் உள்ளூர்க் கலைஞர்கள் வந்தார்கள். இசையமைக்கக் கண்ணன், எழுதப் புதுவை இரத்தினதுரை, பாட வர்ண இராமேஸ்வரன், எஸ். ஜி. சாந்தன், சிட்டு. அதுவரை சினிமாப் பாட்டை அப்பிடியே பாடுகிறதுதான் எங்கட ஊரில் இசைக்குழுவின் வேலை. முதல் தடவையாக எங்கட ஊர்ப் பெயர்களோட, எங்கட உச்சரிப்போட, எங்கட ஆக்களே பாடின பாட்டு வீடு வீடாகப் போனது. இசையாக மட்டும் பார்த்தாலும் இது ஒரு பெரிய விசயம்.

ஆனால் அந்த மேடைக்கு ஒரே ஒரு முதலாளிதான். சாந்தன் கிளிநொச்சியில் இசைநாடக மேடைகளில் நடித்த கலைஞர். புதுவை, எழுபதுகளிலேயே கவிஞராகப் பெயர் எடுத்தவர். இவர்களெல்லாம் போரில்லாத நாட்டில் பிறந்திருந்தாலும் பாடியிருப்பார்கள், எழுதியிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த நாட்டில், பாட வேணுமெண்டால் ஒலிப்பதிவுக்கூடம், ஜெனரேற்றர், கசெட், வானொலி எல்லாம் இயக்கத்திட்ட. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோட அது யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக்கு வந்தது. அதுக்குப் பிறகு 'இயக்கக் கலைஞர்', 'ஊர்க் கலைஞர்' எண்டு கோடு கீறுறது இன்னும் கஷ்டமாகப் போனது.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைச் சுத்தி வளைக்காமல் சொல்லவேணும். அந்தப் பாட்டுக்கள் அழுகிறதுக்கு மட்டும் இல்லை, ஆள் சேர்க்கிறதுக்கும்தான். வீதி நாடகக் குழுக்கள் சந்தியில, பள்ளிக்கூட வளவில, கோயில் முன்றலில் வந்து நாடகம் போட்டன. பறை அடித்தார்கள், பாடினார்கள், முடிவில் பெயர் குடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். பாட்டைக் கேட்டு மனம் உருகித் தானாகப் போன பிள்ளையள் இருக்கினம். அவர்களில் கனபேர் உங்களைவிட இளம் ஆக்கள். 2006க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒருவர் எண்டு கட்டாயமாக்கின காலத்தில், அதே பாட்டுச் சத்தம் கேட்டாலே பிள்ளையைக் காட்டுக்குள்ள ஒளிக்க ஓடின தாய்மாரும் இருக்கினம். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு. இண்டைக்கு வெளிநாட்டில் கலியாண வீட்டில் அந்தப் பாட்டுக்களைப் போட்டுக் கை தட்டுகிற ஆக்களுக்கு இரண்டாவது தாயைத் தெரியாது. கொழும்பில் இருந்து இதெல்லாம் வெறும் பிரசாரம் எண்டு எழுதுகிற ஆக்களுக்கு முதலாவது பிள்ளையைத் தெரியாது. என்ர தனிப்பட்ட கருத்து என்னெண்டால், சிட்டுவின் குரல் நல்ல குரல் எண்டதுக்கும், அந்தக் குரலைக் கேட்டுப் போய்ச் செத்த பதினாறு வயசுப் பிள்ளைக்கும் இடையில் ஒரு கணக்கு இருக்கு. அதை ஆரும் இன்னும் தீர்க்கவில்லை. போராளிக் கலைஞர்களைப் பற்றி எழுதின அஞ்சலிகள் எல்லாவற்றிலும் 'தானாகவே கேட்டுக் களத்துக்குப் போனார்' எண்டு ஒரு வசனம் வரும். அந்த வசனத்தை எழுதினவர்கள் உயிரோட இருந்தவர்கள்.

சரி, மற்றப் பக்கத்தையும் பார்ப்பம். அரச இராணுவத்திலும் பிரபலங்கள் இருந்தார்கள். அஜந்த மென்டிஸ் இலங்கைப் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாய். 2008 யூலையில் கராச்சியில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவின் 6 விக்கெட்டுக்களை 13 ஓட்டங்களுக்கு எடுத்தார். வீட்டுக்கு வந்த கையோட இராணுவம் அவருக்குப் பதவி உயர்வு குடுத்து, அதே வருசம் இரண்டாம் லெப்டினன்டாகவும் ஆக்கியது. அந்த மாதங்களில்தான் வன்னியில் சண்டை உக்கிரமாகிக் கொண்டிருந்தது. மடு விழுந்துவிட்டது, மல்லாவி, துணுக்காய்ச் சனம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பந்து போட்டதுக்குப் பதவி உயர்வு வாறதில் எனக்குக் கோபம் ஒண்டும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த 'கரம் போல்' பார்த்து நானும் வாயைப் பிளந்தனான். ஆனால் பாருங்கோ, ஒரே தீவில் ஒருத்தருக்கு விக்கெட்டால் பதவி வருது, இன்னொருத்தருக்குச் செத்தால் வருது.

2007 நவம்பர் 27ஆம் திகதி, மாவீரர் நாள். பின்னேரம் கிளிநொச்சியில் 'புலிகளின் குரல்' நிலையத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. நிலையத்தில் வேலை செய்தவர்களில் மூண்டு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் அறிவிப்பாளர் இசைவிழி செம்பியன். பக்கத்தில் நிண்ட பொதுமக்களும் செத்தார்கள். எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு கண்டித்தது, யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகமும் கண்டித்தார். அரசாங்கம் யுனெஸ்கோவோட சண்டைக்குப் போனது. அது ஊடகம் இல்லை, பயங்கரவாத அமைப்பின் கருவி எண்டதுதான் அரசின் வாதம். போர்ச் சட்டத்தில் இதற்கு ஒரு வழமையான பதில் இருக்கு. பிரசாரம் செய்கிறது மட்டும் ஒரு ஆளைப் போராளி ஆக்காது, வானொலி நிலையம் பிரசாரம் செய்கிறது எண்டதுக்காக மட்டும் இராணுவ இலக்கு ஆகாது. புத்தகத்தில் இது தெளிவாகத்தான் இருக்கு. ஆனால் வன்னியில் இரண்டு பக்கமும் அந்தத் தெளிவை விரும்பவில்லை. இயக்கம் தன்ர கலைஞர்கள் எல்லாரையும் போராளி எண்டு சொல்லப் பெருமைப்பட்டது. அரசு அதையே பிடித்துக்கொண்டு எல்லாரும் போராளிதானே எண்டு சொன்னது.

அதின்ர விலை என்ன எண்டு காட்டினது இசைப்பிரியாவின் கதை. தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர், குறும்படங்களில் நடித்தவர், பாட்டுக் காட்சிகளில் ஆடியவர். வன்னியில் எல்லாருக்கும் தெரிந்த முகம். அவர் ஊடகப் பிரிவில் இருந்தவர், களத்தில் நிண்டவர் இல்லை எண்டு தெரிந்த ஆக்கள் சொல்கிறார்கள். போர் முடிந்த பிறகு பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட, கொல்லப்பட்ட புலித் தலைவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. 2009 மே 18, 53ஆவது படைப்பிரிவு, லெப்.கேணல் எண்டு போட்டிருந்தது. 2010இன் கடைசியில் சனல் 4 ஒரு வீடியோவை வெளியிட்டது. அதில் கிடந்த உடல்களில் ஒன்று அவருடையது எண்டு அடையாளம் கண்டார்கள். 2013 நவம்பரில் இன்னொரு வீடியோ வந்தது. அதில் அவர் உயிரோட இருந்தார், சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். வீடியோக்கள் பொய் எண்டு அரசு சொன்னது.

அந்த வீடியோவைத் தேடிப் பார்க்கவேண்டாம், பகிரவும் வேண்டாம் எண்டு உங்களைக் கேட்கிறன். ஒரு அறிவிப்பாளரை, நடிகையை, இண்டைக்குக் கனபேருக்கு அவருடைய சாவின் படத்தால் மட்டும்தான் தெரியும். அவர் வாசித்த ஒரு செய்தியையோ ஆடின ஒரு பாட்டையோ பார்த்தவர்கள் எத்தினை பேர்? 'லெப்.கேணல்' எண்ட பதவி அவருக்கு எதிரியின் பட்டியலில் இருந்து வந்தது. அதே 2009 யூலையில் இந்தியாவில் நடிகர் மோகன்லாலுக்கு இராணுவத்தின் பிராந்தியப் படையில் கௌரவ லெப்டினன்ட் கேணல் பதவி குடுத்தார்கள். இராணுவ வீரனாகப் படங்களில் நன்றாக நடித்ததுக்கு. அவரில் பிழை ஒண்டும் இல்லை, அது அங்க வழமை. இரண்டையும் ஒரே வருசத்தில் வைத்துப் பார்க்க எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு.

திரும்ப ஓமந்தைக்கு வருவம். ஜெயசிக்குறு மாங்குளம் வரை போய் 1998 டிசம்பரில் கைவிடப்பட்டது. 1999 நவம்பரில் புலிகள் சில நாளிலேயே அந்த நிலம் முழுக்கத் திருப்பிப் பிடிக்க, முன்னரங்கு ஓமந்தைப் பக்கம் வந்து நிண்டது. 2002 போர்நிறுத்தத்தோட ஓமந்தை இரண்டு நாட்டுக்கு நடுவில் இருக்கிற எல்லை மாதிரி ஆனது. இங்கால இராணுவச் சோதனைச்சாவடி, நடுவில் சூனியப் பிரதேசம், அங்கால புலிகளின் சாவடி. பொதியை இறக்கு, ஏத்து, அடையாள அட்டையைக் காட்டு. இயக்கப் பாட்டுக் கசெட்டையோ சீடியையோ வைத்துக்கொண்டு வவுனியாப் பக்கம் வர ஆருக்கும் துணிவு இருக்கவில்லை. கேட்டு மனப்பாடமாக்கின பாட்டைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் சனம் சாவடியைத் தாண்டினது.

2009 ஏப்ரல், மேயில் அதே சாவடிக்குள்ளால்தான் வன்னிச் சனம் முழுக்க வெளியில் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 2,80,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். ஓமந்தையில் இறக்கி, வரிசையில் விட்டு, லவுட் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் தனிய வந்து பதிய வேணும், மறைத்துப் போய்ப் பிறகு பிடிபட்டால் தண்டனை. இதைக் கேட்காத வன்னி ஆள் இல்லை.

அந்த வரிசையில் நிண்ட ஒரு மிருதங்கக்காரரை யோசித்துப் பாருங்கோ. வீதி நாடகத்தில் மூண்டு வருசம் நடித்த ஒரு பெடியனை, மாவீரர் நாள் மேடையில் ஆடின ஒரு டான்ஸ் ரீச்சரை, சம்பளத்துக்கு ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்த ஒரு ஆளை. அதுவரை ஆரும் அவர்களிட்டக் கேட்காத கேள்வி அது. நான் இயக்கமா, கலைஞரா? இருபது வருசமாக இரண்டு பக்கமும் குழப்பி வைத்திருந்த கோட்டை, தாகத்தோட, குண்டுக்காயத்தோட, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிசத்தில் அவர்களே கீற வேண்டியிருந்தது. பதிந்தால் தடுப்பு முகாம். பதியாமல் போனால் முகமூடி போட்ட ஆள் தலையாட்டினால் அதைவிட மோசம். மேடையில் நிண்ட ஆக்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. சாதாரணப் போராளி சனத்துக்குள் சனமாகக் கலக்கலாம், எல்லாருக்கும் தெரிந்த முகமும் குரலும் உள்ளவர் எங்க ஒளிக்கிறது? 11,000க்கும் மேற்பட்டோர் புனர்வாழ்வு எண்ட பெயரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். துவக்குத் தூக்கினவர், கணக்கு எழுதினவர், பாட்டுப் பாடினவர், எல்லாரும் ஒரே பட்டியலில். அடுத்த வருசம் யூனில் வவுனியாவில் 53 முன்னாள் போராளிச் சோடிகளுக்கு அரசு கலியாணம் செய்து வைத்தபோது, விருந்தினராக வந்தவர் ஹிந்தி நடிகர் விவேக் ஓபரோய். கொழும்பில் நடந்த இந்தியத் திரைப்பட விருது விழாவுக்கு வந்தவரை இங்கயும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த விழாவைத் தமிழ்நாட்டுத் திரையுலகம் புறக்கணித்திருந்தது.

புதுவை இரத்தினதுரை ஓமந்தை வரை வரவில்லை. 2009 மே 18இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் ஒருவர் அவர் எண்டு கண்ட ஆக்கள் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு ஆரும் காணவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் ஒரு கவிஞரின் பெயர். அவர் எழுதி வர்ண இராமேஸ்வரன் பாடின மாவீரர் நாள் பாட்டுக்குத்தான் ஒவ்வொரு நவம்பரும் சனம் எழும்பி நிற்கிறது. இராமேஸ்வரன் 2021இல் கனடாவில் கொரோனாவில் காலமானார்.

இயக்கத்தில் இருந்து பிறகு உலகமே அறிந்த நடிகரான ஒருத்தர் இருக்கிறார் எண்டால் அது ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்ம வயதில் சேர்ந்து, 1986இல் விட்டுவிட்டு வெளியேறினவர். பிரான்ஸில் அகதி. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது எடுத்த 'தீபன்' படத்தின் நாயகன். செத்தவன் ஒருவனின் பாஸ்போட்டில் நாடு கடக்கிற முன்னாள் போராளியாக அவர் நடித்தார். ஸ்டுவர்ட் மாதிரி ஒரு வாழ்க்கை, போர் ஒரு பகுதி, நடிப்பு இன்னொரு பகுதி எண்டு எங்கட ஆக்களில் அவருக்குத்தான் கிடைத்தது. அது கிடைத்ததுக்குக் காரணம் அவர் நேரத்தோட விட்டுவிட்டு வந்தது. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கோபிக்கிறவர்கள் சிட்டு உயிரோட இருந்திருந்தால் இண்டைக்கு எத்தினை வயது எண்டு ஒருக்கா கணக்குப் பார்க்கலாம்.

சாந்தன் தப்பினார். போரில் பிள்ளைகளையும் இழந்து, போருக்குப் பிறகு கிளிநொச்சியில் இருந்தார். கோயில் திருவிழாக்களில் பக்திப் பாட்டுப் பாடினார். அதே குரல், முருகனுக்கும் அம்மனுக்கும். இரவுத் திருவிழாவில் கச்சேரி நடக்கேக்க முன்னுக்கு இருந்து கேட்ட சனத்துக்கு வேறு பாட்டுக்கள் ஞாபகம் வந்திருக்கும், ஆரும் வாய் திறந்து கேட்கவில்லை. சிறுநீரக வருத்தத்தில் 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இறந்தார். பதவிநிலை அறிவிக்க அப்ப ஒரு அமைப்பும் இல்லை. 'எழுச்சிப் பாடகர் எஸ். ஜி. சாந்தன் காலமானார்' எண்டு செய்தி வந்தது. ஊர்ச்சனம் கடையைப் பூட்டிவிட்டுச் செத்தவீட்டுக்குப் போனது.